தண்ணித்தொட்டிக்கு ஜாதகப் பொருத்தம்

டிஸ்கி: நான் டாக்டரும் இல்லை, நுண்ணுயிரியல் படிச்சவனும் இல்லை. பி.இ. முடிச்சுட்டு அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் பொட்டி தட்டுறவன். பத்தாம் கிளாஸ்ல அமீபா படம் வரைஞ்சு பாகம் குறிச்சதோட எனக்கும் உயிரியலுக்கும் இருந்த உறவு முடிஞ்சுது. ஆனா ரெண்டு மாசமா, ஆபீஸ்ல ஆணி புடுங்கற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் ஒரு பாக்டீரியாவோட குடும்ப வரலாறைத்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன். உங்களையும் சும்மா விடப்போறதில்லை.

அதோட பேரு லெஜியோனெல்லா. கேட்டா ஏதோ இத்தாலி நடிகை பேர் மாதிரி இருக்கும். பேர் வந்த கதை அவ்வளவு அழகு இல்லை. 1976 ஜூலையில அமெரிக்கன் லீஜியன்ங்கற முன்னாள் படைவீரர் சங்கத்துக்காரங்க, பிலடெல்பியாவுல பெல்வியூ ஸ்ட்ராட்ஃபோர்டுன்னு ஒரு பெரிய ஹோட்டல்ல மாநாடு போட்டாங்க. முடிஞ்சு ஊருக்குப் போனவங்க ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா நிமோனியாவுல படுத்தாங்க. சங்கத்துக்காரங்க மட்டும் 29 பேர் செத்துப் போனாங்க. என்ன கிருமின்னு யாருக்கும் புரியலை. ஆய்வகத்துல வழக்கமா கிருமி வளர்க்கற தட்டுல இது வளரவே வளராது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி.யில ஜோசப் மெக்டேடுன்னு ஒருத்தர், கிறிஸ்துமஸ் சமயத்துல பழைய ஸ்லைடுகளைத் திரும்ப எடுத்து நோண்டி, 1977 ஜனவரியில இதைப் பிடிச்சார். ஆறு மாசம் ஓப்பனாவே கிடந்த டிக்கெட்டை லீவு நாள்ல உட்கார்ந்து மூடின புண்ணியவான். நம்ம ஜாதி.

இந்தக் கிருமிக்கு மனுஷன் மேல தனிப்பட்ட விரோதம் ஒண்ணும் கிடையாது. அது வாழறது தண்ணியில. அதுவும் தண்ணியில சும்மா மிதந்துக்கிட்டு இல்லை; குழாய்க்குள்ள, தொட்டிச் சுவர்ல கையை வெச்சா வழுவழுன்னு ஒரு படலம் இருக்குமே, அதுக்குள்ள. அந்தப் படலத்தை மேயறதுக்கு அமீபா வரும். சாதாரண பாக்டீரியாவை அமீபா முழுங்கினா கதை முடிஞ்சுது. இதை முழுங்கினா அமீபா கதை முடிஞ்சுது. உள்ள போய் செரிக்காம உட்கார்ந்து, அமீபாவோட சாப்பாட்டைச் சாப்பிட்டு, பெருகி, கடைசியில உடைச்சுக்கிட்டு வெளியே வரும்.

நம்ம நுரையீரல்லயும் கிருமியை முழுங்கறதுக்குன்னே செல்லுங்க இருக்கு. அதுங்களும் வேலை பார்க்கற விதத்துல கிட்டத்தட்ட அமீபாதான். தொட்டியில கத்துக்கிட்ட வித்தையை அப்படியே அங்க போய்க் காட்டுது, அவ்வளவுதான். 2004ல இதோட முழு ஜீனோமையும் படிச்சாங்க. சுமார் 34 லட்சம் எழுத்து, 3000 ஜீன். அதுல நிறைய ஜீன், பாக்டீரியாவோடது மாதிரியே இல்லை, அமீபா மாதிரி மேல்படி உயிர்களோட ஜீன் மாதிரி இருந்துச்சு. குடியிருந்த வீட்டுலயே சுட்டிருக்கு போல. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுல இருந்து காப்பி பேஸ்ட் அடிக்கறவங்க யாரும் இதைப் பார்த்து முகம் சுளிக்க வேணாம். செல்லுக்குள்ள நுழைஞ்சதும் 300க்கு மேல வேற வேற புரதங்களை ஊசி போடற மாதிரி உள்ள இறக்குமாம். ஒவ்வொண்ணும் செல்லோட ஒவ்வொரு ஸ்விட்சைத் திருகி வைக்கும்.

ஒரு விஷயத்தை இப்பவே சொல்லிடறேன், ஏன்னா இதைக் கேட்டதும் எல்லாரும் முதல்ல குடிதண்ணி கேனைத்தான் பார்க்கறாங்க. இது பெரும்பாலும் குடிச்சு வர்றதில்லை, மூச்சுல இழுத்து வர்றது. ஷவர்ல, பெரிய பில்டிங் ஏ.சி.க்கு மாடியில வெச்சிருக்கற கூலிங் டவர்ல, அலங்கார நீரூற்றுல, ஹோஸ் பைப்புல இருந்து வர்ற புகை மாதிரியான சாரல் இருக்கே, அதுதான் வண்டி. ஆரோக்கியமானவங்களை அதிகம் ஒண்ணும் பண்ணாது. அம்பது வயசு தாண்டினவங்க, சிகரெட் பிடிச்சவங்க, சர்க்கரை இருக்கறவங்க, இவங்களைத்தான் தேடிப் பிடிக்கும்.

அம்பது தாண்டி, சிகரெட், சர்க்கரை. எங்கப்பாவுக்கு மூணுமே டிக்.

இந்த இடத்துல கொசுவத்தி கொஞ்சம் சுத்திக்கறேன். அப்பா ஆவடியில டாங்க் ஃபேக்டரியில வேலை பார்த்து ரிடையர் ஆனவர். விஜயந்தாவுல இருந்து டி-90 வரைக்கும் எல்லாத்தையும் கையால தொட்டவர். ரிடையர் ஆனதும் கை சும்மா இருக்கலை. எங்க அபார்ட்மென்ட்ல மோட்டார் போடறது, லாரித் தண்ணி எண்ணி இறக்கறது, மொட்டை மாடியில இருக்கற நாலு டாங்கையும் கழுவ விடறது, எல்லாம் அவர் பொறுப்பு. அந்த டாங்க் போய் இந்த டாங்க் வந்ததுன்னு அம்மா கிண்டல் பண்ணும்.

போன மே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை டாங்க் கழுவ ஆள் வந்துச்சு. அப்பா வழக்கம் போல கூடவே நின்னார். பிரஷர் பைப் வெச்சு சுவத்துப் பாசியை அடிக்கிறாங்க, புகை மாதிரி சாரல், அப்பா தலையை மூடி வழியா உள்ள விட்டு "அந்த மூலை, அந்த மூலை"ன்னு கத்திக்கிட்டு இருக்கார். அடுத்த ஞாயிறு காய்ச்சல். செவ்வாய்க்கிழமை குளிர்ல பல்லு கிடுகிடுங்குது, என்னைப் பார்த்துத் தம்பி பேரைச் சொல்லிக் கூப்பிடறார். ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்துட்டு நிமோனியான்னாங்க. மூணு நாள் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கலை. நாலாவது நாள் கூட அஸித்ரோமைசின் சேர்த்தாங்க. ரெண்டு நாள்ல எழுந்து உட்கார்ந்து, இட்லி கல்லு மாதிரி இருக்குன்னு கேன்டீன்காரனோட சண்டை. அப்பதான் எங்களுக்கு உயிரே வந்துச்சு.

நடுவுல டாக்டர் ஒரு தடவை கேட்டார்: "என்ன வேலை பார்த்தீங்க?"

"டாங்க் ஃபேக்டரி சார்."

டாக்டர் வெல்டிங் புகை, இரும்புத் தூசுன்னு குறிச்சுக்கிட்டார். மொட்டை மாடி டாங்கைப் பத்தி அவரும் கேட்கலை, அந்த நேரத்துல எங்க யாருக்கும் அது தோணவும் இல்லை. சளியை கல்ச்சருக்கு அனுப்பினதுல "எதுவும் வளரவில்லை"ன்னு ரிப்போர்ட் வந்துச்சு. வீட்டுக்கு வந்தப்புறம், எது வளரலைன்னு தேடப் போய்த்தான் இந்தக் கிருமி என்கிட்ட மாட்டிச்சு. இல்லை, நான் அதுகிட்ட.

அவசரப்பட்டு முடிவு கட்டிடாதீங்க. பென்சிலின் வகை மருந்து லெஜியோனெல்லாகிட்ட எடுபடாது, செல்லுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கறதால. அஸித்ரோமைசின் உள்ள போய்ப் பிடிக்கும். ஆனா அஸித்ரோமைசின்ல குணமாகற நிமோனியா வேற சிலதும் இருக்கு. மருந்து கேட்டுச்சுங்கறதுக்காக ஆள் இவன்தான்னு சொல்லிட முடியாது.

அப்புறம் எப்படித்தான் சொல்றது? அங்கதான் ஜாதகம் வருது.

நோயாளி சளியில இருந்து கிருமியை எடுத்து வளர்க்கணும். சந்தேகப்படற டாங்கு, ஷவர், கூலிங் டவர்ல இருந்தும் எடுத்து வளர்க்கணும். ரெண்டு ஜாதகத்தையும் பக்கத்துல வெச்சுப் பொருத்தம் பார்க்கணும். நம்ம ஊர்ல பத்துப் பொருத்தம், இவங்க ஏழு. ஏழு ஜீன்ல குறிப்பிட்ட பகுதியை மட்டும் படிச்சு, ஒவ்வொண்ணும் எந்த வகைன்னு ஒரு எண் போட்டு, ஏழு எண்ணையும் வரிசையாச் சேர்த்தா ஒரு வகை எண் கிடைக்கும். உலகத்துல எந்த ஆய்வகத்துல பார்த்தாலும் அதே எண் வரணும்னு ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனா வகை எண் 1னு ஒண்ணு இருக்கு பாருங்க, அது ஊர் உலகமெல்லாம் இருக்கு. ஆவடி டாங்க்ல 1, நோயாளிகிட்டயும் 1னு வந்தா, "திருடன் பேரு குமார், உங்க தெருவுலயும் ஒரு குமார் இருக்கார்"னு சொன்ன மாதிரி. வடமேற்கு ஐரோப்பாவுல வர்ற நோய்ல கிட்டத்தட்ட பாதிக்கு அஞ்சே அஞ்சு வகை எண்தான் காரணம்னு 2016ல சோஃபியா டேவிட்டும் அவரோட சேர்ந்தவங்களும் எழுதியிருக்காங்க. அந்த அஞ்சும் சமீப காலத்துல கிளம்பி நாடு நாடாப் பரவினது. அதனால தூர தூர ஊர்ல எடுத்ததுகூட அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

அதனால இப்பல்லாம் ஏழு ஜீனோட நிறுத்தறதில்லை. 34 லட்சம் எழுத்தையும் படிச்சு, ரெண்டுக்கும் எத்தனை எழுத்து வித்தியாசம்னு எண்றாங்க. நம்ம பாஷையில, வெர்ஷன் நம்பரைப் பார்க்காம டிஃப் எடுத்துப் பார்க்கறது. ஆனா இதுலயும் ஒரு சிக்கல். இந்தக் கிருமி ரொம்ப சோம்பேறி. சராசரியா வருஷத்துக்கு ஒரு எழுத்து மாறறதே பெரிய விஷயம். பத்து வருஷம் முன்னாடி பிரிஞ்ச ரெண்டு தொட்டிக் கிருமிகூட சில எழுத்துதான் வித்தியாசப்படும். அதனால டிஃப் மட்டும் பத்தாது. யார், எப்ப, எங்க இருந்தாங்க, காத்து எந்தப் பக்கம் அடிச்சுதுன்னு பழைய காலத்து விசாரணையும் கூட வேணும். பத்துப் பொருத்தமும் இருந்தாலும் மாப்பிள்ளை வீட்டைப் பத்தி நாலு பேர்கிட்ட விசாரிக்கறோம்ல, அது மாதிரி.

படிச்சதுல என்னைத் தூங்கவிடாம பண்ணின கேஸ் போர்ச்சுகலோடது. 2014 அக்டோபர், நவம்பர்ல லிஸ்பன் பக்கத்துல வில ஃபிராங்கா தெ ஷிராங்கற ஊர்ல சுமார் 400 பேருக்கு இந்த நோய். அங்க ஒரு தொழிற்சாலை வளாகத்துல கூலிங் டவர் பராமரிப்பு வேலை பார்த்தவர் ஒருத்தர், வயசு 48. உடம்பு முடியாம வடக்க இருக்கற போர்ட்டோவுல அம்மா இருக்கற வீட்டுக்குப் போனார். அம்மாவுக்கு 74. காத்தோட்டம் இல்லாத சின்ன ரூம்ல, பையன் விடாம இருமறான், பக்கத்துலயே இருந்து பார்த்துக்கிட்டாங்க. கொஞ்ச நாள்ல அவங்களுக்கும் அதே நிமோனியா. அம்மா வில ஃபிராங்கா பக்கம் போனதே இல்லை. ரெண்டு பேரும் இறந்துட்டாங்க.

இந்த நோய் மனுஷன்கிட்ட இருந்து மனுஷனுக்குத் தொத்தாதுன்னு அதுவரைக்கும் பாடப் புத்தகம் அடிச்சுச் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு பேர் உடம்புல இருந்தும் எடுத்த கிருமியோட முழு ஜீனோமைப் பக்கத்துல வெச்சுப் பார்த்தா, அந்த ஊர்ல பரவின அதே கிருமி, ஒண்ணு மாதிரியே ஒண்ணு. அதுவும் நம்ம "குமார்" வகை இல்லை, அபூர்வமான வகை. அதனால தற்செயல்னு தள்ளிவிட முடியலை. 2016ல "பையன்கிட்ட இருந்து அம்மாவுக்குத் தொத்தியிருக்கவே வாய்ப்பு"ன்னு எழுதினாங்க. இப்படி உலகத்துலயே பதிவானது அந்த ஒரு கேஸ்தான்னு படிச்சேன், அதனால பயப்பட ஒண்ணும் இல்லை. ஆனா அம்மா ஆஸ்பத்திரியில அப்பா பெட் பக்கத்துல ஆறு நாள் உட்கார்ந்திருந்தது கண்ணு முன்னாடி வந்துச்சு. லேப்டாப்பை மூடி வெச்சுட்டேன்.

கூலிங் டவர்னதும் அமெரிக்காவையும் ஒரு வரி சொல்லிடணும். 2025 கோடையில நியூயார்க் ஹார்லெம்ல 114 பேருக்கு வந்து 7 பேர் இறந்தாங்க. சுத்துவட்டாரத்து டவர் எல்லாத்துலயும் தண்ணி எடுத்து ஜாதகம் பார்த்தா, பொருந்தினது ரெண்டு இடம். ஒண்ணு ஹார்லெம் ஆஸ்பத்திரி. இன்னொண்ணு கட்டட வேலை நடந்துக்கிட்டு இருந்த ஒரு இடம். அங்க கட்டிக்கிட்டு இருந்தது என்ன தெரியுமா? நகரத்தோட பொதுச் சுகாதார ஆய்வகம்! 2020 லாக்டவுன்ல பூட்டிக் கிடந்ததுல அட்லாண்டாவுல சி.டி.சி.யோட வாடகைக் கட்டடங்கள்லயே லெஜியோனெல்லா இருக்குன்னு மூடினாங்க. கண்டுபிடிச்சவங்க வீட்டுக்கே குடி போயிருக்கு. :-)

இதையெல்லாம் படிச்சப்ப எனக்குப் பெரிசாத் தெரிஞ்சது ஜீனோம் படிக்கற மெஷின் இல்லை. எடுத்து வைக்கற பழக்கம். 1976ல பிலடெல்பியாவுல செத்தவங்க உடம்புல இருந்து எடுத்த கிருமியை சி.டி.சி. ஃப்ரீசர்ல போட்டு வெச்சிருந்துச்சு. 40 வருஷம் கழிச்சு 2016ல அதையே எடுத்து முழு ஜீனோம் பார்த்து, அத்தனையும் அச்சு அசலா ஒரே நகல் இல்லைன்னு எழுதினாங்க. 1976ல யாரும் ஜீனோமைக் கனவுலகூடப் பார்த்திருக்க மாட்டாங்க. ஆனாலும் டியூபைத் தூக்கிப் போடலை.

நம்ம பக்கம் ஆராய்ச்சியே இல்லைன்னு சொல்ல மாட்டேன். இங்க இருந்து சி.டி.எச். ரோட்டைப் பிடிச்சு நேரா போனா வர்ற திருப்பதியில, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில நோயாளிகள்கிட்ட இருந்தும் சுற்றுப்புறத்துல இருந்தும் லெஜியோனெல்லாவைப் பிரிச்செடுத்து 2010லயே எழுதியிருக்காங்க. டெல்லி எய்ம்ஸ்காரங்க ஆஸ்பத்திரித் தண்ணிக் குழாய்கள்ல பிடிச்ச கிருமிகளுக்கு அந்த ஏழு பொருத்தமும் பார்த்து, நோயைத் தீவிரமாக்கற ஜீனுங்க எதுல எதுல இருக்குன்னும் பார்த்து 2020ல வெளியிட்டாங்க. தண்ணி பக்கத்து ஜாதகம் இருக்கு. நோயாளி பக்கத்து ஜாதகம்தான் கையில இருக்கறதில்லை. கரித்தூள் கலந்த தனி ஊடகத்துல, பல நாள் பொறுமையா வளர்த்தாத்தான் வரும், யார் காத்திருக்கறது? சிறுநீர்ல பார்க்கற வேகமான டெஸ்ட் ஒண்ணு இருக்கு, நல்லது, உயிரைக் காப்பாத்தும். ஆனா அது முக்கியமா ஒரே ஒரு ரகத்தைத்தான் பிடிக்கும். அதோட "இருக்கு, இல்லை"ங்கறதோட சரி, பொருத்தம் பார்க்கக் கிருமி கைக்கு வராது. அப்பா கேஸ்ல அந்த டெஸ்ட்கூட எடுக்கலை. டாங்க் தண்ணியோ அதே ஞாயித்துக்கிழமை சாயங்காலமே சாக்கடையில போயிடுச்சு. ரெண்டு ஜாதகமும் இல்லாம எந்த ஜோசியர்கிட்ட போறது?

சரி, நடந்தது நடந்துச்சு, இனிமேலாவதுன்னு போன மாசம் அசோசியேஷன் மீட்டிங்ல இதைக் கிளப்பினேன். செயலாளர் அங்கிள், "தம்பி, இருவது வருஷமா இதே தண்ணியிலதான குளிக்கறோம்"னார். மூணாவது மாடி ஆன்ட்டி, "நாங்கதான் ஆர்.ஓ. போட்டிருக்கோமே"ன்னாங்க. ஆர்.ஓ. தண்ணியில யாராவது குளிப்பாங்களான்னு கேட்கணும் போல இருந்துச்சு, கேட்கலை. அவங்க வீட்டு ரசம் அப்பப்ப எங்க வீட்டுக்கு வரும்.

ஐரோப்பாக்காரன் விதி ரொம்ப எளிமை. பச்சைத் தண்ணியை 20 டிகிரிக்குக் கீழ வை, வெந்நீரை 60க்கு மேல வை, நடுவுல வைக்காதே. 25ல இருந்து 45 வரைக்கும் கிருமிக்குக் கொண்டாட்டம். அம்பத்தூர்ல 20 டிகிரித் தண்ணிக்கு எங்க போறது? மார்கழி விடியக்காலை நாலு மணிக்கு வேணா முயற்சி பண்ணலாம். சித்திரையில எங்க கறுப்பு பிளாஸ்டிக் டாங்க், கிருமிக்குப் பார்த்துப் பார்த்துக் கட்டின வீடு. கீஸரையும் கரன்ட் பில்லுக்குப் பயந்து 45ல வெச்சிருக்கோம். மிச்சம் இருக்கறது குளோரின் ஒண்ணுதான். குழாய் முனையில லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சணும்னு நம்ம நாட்டுக் குடிநீர்த் தரமே சொல்லுது. லாரித் தண்ணியையும் போர் தண்ணியையும் கலந்து, வெயில்ல காயவெச்சு, பாசிக்கும் பங்கு கொடுத்தப்புறம் என்ன மிஞ்சும்?

ஆய்வகத்துல லெஜியோனெல்லா டெஸ்ட் பண்ண ஒரு சாம்பிளுக்கு என்ன விலைன்னு விசாரிச்சுச் சொன்னேன். செயலாளர் அங்கிள் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுத் திரும்ப மாட்டிக்கிட்டார். நானும் அதை வற்புறுத்தலை. இருக்குன்னு ரிசல்ட் வந்தாலும் பாதிக் கட்டடத் தண்ணியில இருக்கறதுதான், அதுக்காக நாளைக்கே எல்லாரும் படுத்துடப் போறதில்லை. இல்லைன்னு வந்தா அடுத்த வருஷம் வரைக்கும் யாரும் மூடியைத் திறந்தே பார்க்க மாட்டாங்க. அதுக்கு விலை கம்மியான குளோரின் சொட்டு டெஸ்ட், ஒரு தெர்மாமீட்டர், ஒரு ரிஜிஸ்டர். இது மூணும் பாஸ் ஆச்சு. டாங்க் கழுவறப்ப பிரஷர் பைப் அடிக்கறவருக்கும் நிக்கறவங்களுக்கும் மாஸ்க்னு நாலாவதா நான் சேர்த்தது, கோவிட் மாஸ்க் எல்லார் வீட்டுலயும் மிச்சம் கிடந்ததால எதிர்ப்பு இல்லாம பாஸ்.

ரிஜிஸ்டர் யார் எழுதறதுன்னு கேள்வி வந்தப்ப அப்பா கையைத் தூக்கினார். நான் முறைச்சேன். "ஏன்டா, உனக்குப் படிக்க மட்டும்தான் தெரியும், எழுதறது நான்தான்"னார். ஃபேக்டரியில இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் எழுதின அதே கையெழுத்து, அதே சிவப்பு மை அடிக்கோடு. முதல் பக்கம்: டாங்க் 4, மதியம் 2 மணி, 41 டிகிரி, குளோரின் இல்லை. கீழ் சம்ப்ல குளோரின் இருக்கு, மேல டாங்க்ல இல்லை. நடுவுல எங்க போகுதுன்னு மாடிப்படி ஏறி இறங்கி, ஒவ்வொரு வீட்டுக் குழாயிலயும் ரெண்டு சொட்டு போட்டுப் பார்த்துக்கிட்டு இருக்கார். டாக்டர் மாடிப்படி வேணாம்னு சொன்னதை நானும் அம்மாவும் மாத்தி மாத்திச் சொல்லிப் பார்த்துட்டோம்.

304ஆம் நம்பர் வீடு மூணு வருஷமாப் பூட்டிக் கிடக்கு. ஓனர் நியூ ஜெர்சியில. அந்த வீட்டுக் குழாய்க்குள்ள மூணு வருஷத் தண்ணி அப்படியே நிக்குதுன்னு அப்பா ரிஜிஸ்டர்ல கண்டுபிடிச்சு, வாட்ஸப்புல அவரைப் பிடிச்சு, சாவி யார்கிட்ட இருக்குன்னு கேட்டு வாங்கி, போன சனிக்கிழமை மாஸ்க் போட்டுக்கிட்டு உள்ள போனார். நான் பின்னாடியே போனேன். ஷவர் தலையைக் கழட்டித் தனியா வெச்சுட்டு, குழாய் வாயில துணியைச் சுத்தி, மெதுவாத் திறந்தார். கொஞ்ச நேரம் காத்து. அப்புறம் டீ கலர்ல தண்ணி. வாட்ச்சைப் பார்த்துக்கிட்டே நின்னவர், பதினோரு நிமிஷம் கழிச்சு சொட்டு போட்டுப் பார்த்துட்டு, ரிஜிஸ்டரை நீட்டி என்னைப் பிடிச்சுக்கச் சொன்னார்.